பட்டுப் பாதை எப்போது ஓய்ந்தது?

கேள்வி: பட்டுப் பாதை என்பது சீனாவிலிருந்து ரோம் வரை நீண்ட ஒரே நெடுஞ்சாலையா? அதைத் தொடங்கியவர் யார்? (தென்காசி வாசகர்)

பதில்: வரைபடங்களில் தடித்த கோடாக வரைந்துவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. பாலைவனத்தின் ஓரங்களில் இருந்த சோலை நகரங்களை இணைத்து, நீர் கிடைப்பதையும் அரசியல் நிலவரத்தையும் பொறுத்து இடம் மாறிக்கொண்டே இருந்த பல தடங்களின் தொகுதி அது. பொருள்கள் முன்பே கைமாறி வந்திருந்தாலும், அரசின் கை அதில் பட்டது கி.மு. 138-இல்தான். சியோங்நு நாடோடிகளை எதிர்க்கக் கூட்டாளி தேடிய சீனாவின் ஹான் மரபுப் பேரரசர் வூ, ஜாங் சியான் என்பவரை மேற்கே தூதனுப்பினார். வழியிலேயே சியோங்நுக்களிடம் சிக்கிய அவர் பத்தாண்டுகள் சிறைப்பட்டிருந்து, தப்பி, மேற்கே குடியேறியிருந்த யுவேசி மக்களைச் சென்று சேர்ந்தும் கூட்டணி அமையவில்லை. (குஷாணர்கள் பிற்காலத்தில் இந்த யுவேசிகளிடமிருந்து தோன்றியவர்களே.) ஆனால் நடு ஆசியாவிலுள்ள ஃபெர்கானாவின் உயர்ரகக் குதிரைகளைப் பற்றி அவர் கொண்டுவந்த செய்தி, ஹான் படையையும் காவற்கோபுரங்களையும் மேற்கு நோக்கி நகர்த்தியது.

பின்னாளில் சீனாவை ஆண்ட டாங் அரசு தன் எல்லைப் படைகளுக்கு ஊதியமாகப் பட்டுத் துணியையே அனுப்பியது. நடு ஆசியச் சந்தைகளில் பட்டு குவிந்ததற்கு ரோமானியச் சீமாட்டிகளின் ஆசையைவிட இந்தப் படைச் செலவே பெரிய காரணம் என்பேன்.

கேள்வி: அப்படியானால் வணிகம் செய்தவர்கள் யார்? (திருவாரூர் வாசகர்)

பதில்: பெரும்பாலும் சமர்கந்து வட்டாரத்துச் சோக்தியர்கள். சீனாவிலிருந்து ரோம் வரை ஒருவரே சரக்கைக் கொண்டுசெல்வது அரிது. ஊருக்கு ஊர் கைமாறியே அது நகர்ந்தது. சீனாவின் மேற்கு விளிம்பிலுள்ள சோலை நகரமான துன்ஹுவாங்குக்கு மேற்கே ஒரு காவற்கோபுரத்தில், கி.பி. 313-ஐ ஒட்டிய காலத்துச் சோக்தியக் கடிதங்களை தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் 1907-இல் கண்டெடுத்தார். அவற்றில் ஒன்று மிவ்னாய் என்ற பெண் கணவனுக்கு எழுதியது. அவன் பேச்சைக் கேட்டுத் துன்ஹுவாங் வந்து, அங்கே கைவிடப்பட்டுப் பொருளின்றித் தவித்த அவள், உனக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்று சீறுகிறாள். அந்தக் கடிதம் உரியவனிடம் போய்ச் சேரவே இல்லை.

கேள்வி: 1453-இல் துருக்கியர் கான்ஸ்டாண்டினோபிளைக் கைப்பற்றியதால் பட்டுப் பாதை மூடப்பட்டது என்று படித்திருக்கிறேன். அது சரியா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: சரியன்று, வணிகத்துக்கு வரி வாங்கி வாழ்ந்த ஓட்டோமான் அரசுக்கு அதை மூடுவதில் ஆதாயமும் இல்லை. முதல் பெரிய அடி அதற்கு ஏழு நூற்றாண்டுகள் முன்பே விழுந்தது. 755-இல் டாங் தளபதி ஆன் லூஷானின் கலகம் மூண்டதும் டாங் அரசு மேற்கிலிருந்த படைகளைத் திரும்ப அழைத்தது. படை போனதும் ஊதியப் பட்டும் நின்றது. 13-ஆம் நூற்றாண்டில் சமர்கந்தை அழித்த அதே மங்கோலியர், பிறகு நெடுந்தொலைவை ஒரே குடும்பத்தின் ஆட்சிக்குள் கொண்டுவந்து தடங்களுக்குப் புத்துயிர் ஊட்டினார்கள். அடுத்த நூற்றாண்டில் அவர்களது அரசுகள் சிதற, கொள்ளைநோயும் சேர்ந்துகொள்ள, அந்தப் பாதுகாப்பும் போயிற்று.

கப்பலோ வெகுகாலமாகவே போட்டியில் இருந்தது. ஓர் ஒட்டகம் ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ வரை சுமக்கும். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிய ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றிலோ சுமார் 60,000 சீனக் கலங்கள் இருந்தன. உடையும் பொருளை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலையைக் கடக்க எந்த வணிகன் துணிவான்? மார்கோ போலோ சீனாவுக்குப் போனது தரை வழியே. திரும்பியது கடல் வழியே, பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டு. அவர் கப்பலேறிய சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில், 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. மங்கோலியர் ஆட்சியில் தரை வழி செழித்திருந்தபோதே கடல் வழியும் அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகும் ஒட்டக வரிசைகள் நின்றுவிடவில்லை. அர்மீனிய வணிகர்கள் 17-ஆம் நூற்றாண்டில் ஈரானியப் பட்டைத் தரை வழியே கொண்டுசென்றார்கள். 1727-இல் ரஷ்யாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் கியாக்தா என்ற எல்லை ஊர் வழியாகச் சீனத் தேயிலை ரஷ்யாவுக்குப் போகத் தொடங்கியது. அந்த வணிகம் 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபோது தளர்ந்து, சைபீரிய ரயில் பாதை வந்தபோது ஓய்ந்தது.