ஆறாவது ரிசீவருக்கு வேகம் மட்டும் போதுமா?

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி ஒன்றில் உங்களுக்குப் பிடித்த வேகமான இளம் ரிசீவர், அதாவது எறியும் பந்தைப் பிடித்து ஓடுபவர், இடம்பிடிப்பாரா என்று கேட்கிறீர்கள். வேகம் மட்டும் போதாது. ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான குழுக்கள்) வேலை இருந்தால்தான் வைத்துக்கொள்வார்கள். 40 கஜத்தை 4.3 விநாடியில் ஓடுகிறார் என்பதற்காக எந்த அணியும் 53 பேர் கொண்ட பட்டியலில் ஆறாவது ரிசீவர் இடத்தைக் கொடுத்துவிடாது. அந்த இடம் பெரும்பாலும் உதைத்த பந்தை வாங்கி ஓடுபவருக்கோ, பண்ட்டை (எதிரணியிடம் உதைத்துக் கொடுக்கும் பந்து) வாங்குபவரைத் துரத்திப்போய் மடக்குபவருக்கோதான் போகும்.

இத்தனை வேகம் இருந்தும் பயிற்சியில் அவருக்குப் பந்தே வருவதில்லை என்கிறீர்கள். தொடக்கக் கோட்டிலேயே கார்னர்பேக் (ரிசீவரைக் காவல்காக்கும் தடுப்பாளர்) கைவைத்துத் தடுத்துவிடுகிறார் என்று நினைக்கிறேன். அங்கே அரை விநாடி போனால், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் வேறு ஆளைத் தேடிவிடுவார். 2017-இல் அதே 40 கஜத்தை 4.22 விநாடியில் ஓடிய ரிசீவர் ஜான் ராஸை, டிராஃப்ட்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) சின்சினாட்டி அணி 9-ஆவது தேர்வாக எடுத்தது. காயங்களுக்கு நடுவே முதல் பருவத்தில் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. 2016-இல் ஐந்தாம் சுற்றில் வந்த டைரீக் ஹில்லோ, உதைத்த பந்தை வாங்கி ஓடியே முதல் ஆண்டில் பெயர் பெற்றார்.

அடுத்த முன்பருவ ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு உங்கள் ஆளை மட்டும் பாருங்கள். முதல் பாதியிலேயே பண்ட் குழுவில் இறங்குகிறாரா? ஆம் என்றால் பயிற்சியாளர்கள் அவருக்கு இடம் தேடுகிறார்கள். கடைசிக் கால்பகுதியில் மட்டும் வந்தால் கடினம்தான்.

இன்னொன்று: இளம் வீரரை விடுவித்தால், பயிற்சிக் குழுவில் (53-க்கு வெளியே வைத்துக்கொள்ளும் வீரர்கள்) சேர்ப்பதற்குள் வேறு அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பயத்தினாலேயே சிலரை 53-இல் வைப்பார்கள்.