பதில்: எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் குறும்படம் எடுக்க ஆசை, வழி தெரியவில்லை

வணக்கம்ங்க. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி அரசுப் பள்ளியில் படிக்கும் மகள், கையில் இருப்பது அப்பாவின் போன் மட்டும், கோவைக்கோ கொச்சிக்கோ அனுப்ப வசதியில்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கேயும் அனுப்ப வேண்டாம். நாளைக்கே பள்ளியில் ‘லிட்டில் கைட்ஸ்’ பற்றிக் கேளுங்கள். பள்ளிகளில் கணினிவழிக் கல்வியைக் கவனிக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் 2018இல் தொடங்கிய மாணவர் மன்றம் அது. அரசு, உதவிபெறும் உயர்நிலைப் பள்ளிகளில் நடக்கிறது. அனிமேஷன், கேமரா, படத்தொகுப்பு எல்லாம் சொல்லித் தருவார்கள். எட்டாம் வகுப்பில்தான் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள், அதனால் தள்ளிப் போடாதீர்கள். தமிழ்வழிப் பிள்ளை என்று தயங்கவே வேண்டாம்.

அதுவரை போனே போதும். ஆனால் நம் ஊரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேச்சையே விழுங்கிவிடும். நானும் தென்னந்தோப்பில் ஒரு பாட்டியின் பேச்சை அரை மணி நேரம் பதிந்தேன். வீட்டில் போட்டால் ‘உஸ்’ என்ற இரைச்சல்தான். இயர்போன் மைக்கில் பஞ்சைச் சுற்றி, பேசுபவரின் நெஞ்சருகே குத்தி, சுவர் மறைவில் உட்கார வைத்தால் குரல் தெளிவாக விழும். படம் கொஞ்சம் ஆடினால்கூடப் பார்ப்பார்கள், குரல் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

எடுத்ததைத் தொகுக்கக் கேடென்லைவ் (Kdenlive) என்ற கணினி மென்பொருள் இலவசம், சாதாரணக் கணினியே போதும். முதல் படம் மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும். கள் இறக்குபவரோ சந்தைக்காரரோ, அவளுக்குத் தெரிந்த ஒருவரையே எடுக்கட்டும், அனுமதி கேட்டுவிட்டு. அப்புறம், முடிந்ததும் இங்கேயே போடுங்கள், கட்டாயம் பார்க்கிறேன்.