முதலில் கல்லூரியின் கடிதம், பிறகுதான் முன்பணம்

பள்ளி முடித்த கையோடு கல்லூரியில் சேராமல், ஒரு பருவத்தை வெளிநாட்டில் கழித்துவிட்டு ஜனவரியில் சேருவதற்கு கேப் செமஸ்டர் என்று பெயர். அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. இதை விற்பதற்கென்றே நிறுவனங்கள் இருப்பதால், வேறெந்தப் பொருளையும் போல இதையும் விசாரித்துத்தான் வாங்க வேண்டும். வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமும் உதவித்தொகையும் கிடைத்துவிட்டன. சேருவதற்கு முன் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கோஸ்டா ரிகாவில் ஸ்பானிஷ் படிக்கவும் கடலாமைப் பாதுகாப்பில் வேலை செய்யவும் ஒரு திட்டத்தில் போக விரும்புகிறாள். கட்டணம் 14,500 டாலர். வெள்ளிக்கிழமைக்குள் 1,500 டாலர் கட்டினால்தான் இடம் உறுதி என்கிறார்கள். கல்லூரி கிரெடிட்டும் (பட்டப்படிப்பில் கணக்கில் சேரும் பாடப் புள்ளிகள்) உண்டு என்பதால் பணம் வீணாகாது என்கிறார் கணவர். கட்டலாமா? – ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: இந்த வெள்ளிக்கிழமை கட்டாதீர்கள். மகளின் ஆசையில் எந்தத் தவறும் இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பல பெற்றோர் பணத்தை இழக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் அனுமதி எழுத்தில் வரும்வரை எந்த நிறுவனத்துக்கும் ஒரு டாலர்கூடப் போகக் கூடாது.

சேர்க்கையைத் தள்ளிவைப்பது பெரும்பாலும் மாணவரின் உரிமை அல்ல, கல்லூரி தரும் சலுகை. ஹார்வர்டு, இடம் கிடைத்த மாணவர்களை ஓராண்டு விட்டு வருமாறு தானே ஊக்குவிக்கிறது. மிடில்பரி கல்லூரி புதிய மாணவர்களில் ஒரு பகுதியினரைப் பிப்ரவரியில் சேர்த்துக்கொள்கிறது. எல்லாக் கல்லூரிகளும் இப்படி இல்லை. ஒரு பருவம் மட்டும் தள்ளிவைக்கக் கேட்டால், ஓராண்டு எடுத்துக்கொள் அல்லது மறுபடி விண்ணப்பம் போடு என்று சொல்லும் இடங்கள் உண்டு. ஜனவரியில் சேர விட்டாலும், விடுதியில் அறை இருக்குமா, முதல் பருவக் கணிதமும் வேதியியலும் அப்போது நடத்தப்படுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொறியியல் படிக்கப்போகிறாள் என்றால் இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடவே கூடாது.

உங்கள் கணவர் நம்பியிருக்கும் அந்தக் கிரெடிட்தான் எனக்குப் பெரிய கவலை. தள்ளிவைப்பு அனுமதிக் கடிதங்கள் பலவற்றில் ஒரு நிபந்தனை இருக்கும்: இடைப்பட்ட காலத்தில் வேறு எந்த உயர்கல்வி நிறுவனத்திலும் கிரெடிட்டுக்காகப் பதிவு செய்யக் கூடாது. அதை மீறினால் இடமே ரத்தாகலாம். சில கல்லூரிகளில் மாணவி புதிதாகச் சேருபவர் என்ற நிலையை இழந்து, இடம் மாறி வருபவராகக் கணக்கிடப்படுவார். புதிதாகச் சேருபவர்களுக்கென்று ஒதுக்கிய உதவித்தொகையும் அத்தோடு போய்விடும். கேப் செமஸ்டர் நிறுவனம் தானே கிரெடிட் தருவதில்லை. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தோடு ஏற்பாடு செய்து, பெரும்பாலும் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் சான்றிதழ் பெற்றுத் தருகிறது. அதை உங்கள் மகளின் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. விளம்பரத்தில் ஆதாயமாகத் தெரிவது, நான்கு ஆண்டு உதவித்தொகைக்கே வேட்டு வைத்துவிடக்கூடும்.

ஆகவே சேர்க்கை அலுவலகத்துக்கும் உதவித்தொகை அலுவலகத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதுங்கள். ஓர் அலுவலகம் சொன்னது மற்றதைக் கட்டுப்படுத்தும் என்று நினைத்துவிடாதீர்கள். சேரும் தேதி, உதவித்தொகை அதே அளவில் தொடருமா, கிரெடிட் எடுக்கலாமா என்ற மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும். தொலைபேசியில் ஒருவர் "பிரச்சினை இல்லை" என்று சொன்னதை வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

விலையைப் பற்றி: மூன்று மாதக் குழுத் திட்டங்களுக்கு 12,000 முதல் 20,000 டாலர் வரை கேட்பது வழக்கம்தான். விமான டிக்கெட்டும் காப்பீடும் அதில் அடக்கமா என்று பாருங்கள், பல நேரம் இருக்காது. கோஸ்டா ரிகாவிலும் குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவிலும் உள்ள மொழிப் பள்ளிகளில் நேரடியாகச் சேர்ந்து, உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கிப் படித்தால் செலவு இதில் ஒரு பங்குதான் ஆகும். இருந்தாலும், முதல் முறையாக வீட்டை விட்டுப் போகும் பெண்ணுக்குக் கூடவே இருக்கும் குழுத் தலைவருக்காகக் கூடுதல் பணம் தரலாம் என்பது என் கருத்து. அந்தத் தலைவர்களுக்கு வைல்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர் என்ற முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறதா, ஒரு தலைவருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். கேப் இயர் அசோசியேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் அங்கீகாரம் நிறுவனத்துக்கு உண்டா என்றும் பாருங்கள்.

கேள்வி: பிள்ளையின் படிப்புக்காக 529 கணக்கில் (வரிச் சலுகையுள்ள கல்விச் சேமிப்புக் கணக்கு) சேர்த்த பணத்தை கேப் செமஸ்டருக்கு எடுக்கலாமா? – ஒரு தந்தை, டெக்சஸ்

பதில்: அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவிக்குத் தகுதி பெற்ற கல்வி நிறுவனத்தில் படித்தால் எடுக்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பயண நிறுவனத்துக்கோ சாதாரண மொழிப் பள்ளிக்கோ கட்டினால், எடுத்த தொகையில் லாபமாக உள்ள பகுதிக்கு வருமான வரியும் அதற்கு மேல் 10 சதவீதமும் கட்ட வேண்டும். இதைத் தவிர்க்க கிரெடிட் தரும் திட்டத்தில் சேர்த்தால், மேலே சொன்ன தள்ளிவைப்பு நிபந்தனையில் சிக்கலாம். பிள்ளைக்கு வேறு கல்லூரியில் உதவித்தொகை இருந்தால், 529-ஐத் தொடாமல் கைப்பணத்தில் அனுப்புவதே மேல்.

கேள்வி: மகனுக்கு இந்திய பாஸ்போர்ட், எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கிறான். அமெரிக்க நண்பர்களோடு ஸ்பெயினில் நூறு நாள் திட்டத்தில் சேரக் கேட்கிறான். "விசா தேவையில்லை" என்று திட்டத்தின் கையேட்டில் இருக்கிறது. – ஒரு தந்தை, வட கரோலினா

பதில்: அந்தக் கையேடு அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டது. அவர்களுக்கும்கூட ஸ்பெயின் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் (பொது விசா முறை கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள்தான் விசா இல்லாமல் தங்கலாம், நூறு நாள் என்றால் அவர்களுக்கும் விசா வேண்டும். உங்கள் மகனுக்கு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

போவதைவிடத் திரும்பி வருவதுதான் கடினம். பாஸ்போர்ட்டில் உள்ள எச்-4 முத்திரை காலாவதியாகியிருந்தால், புதிது வாங்காமல் திரும்ப முடியாது. சுற்றுலா முடித்துவிட்டு மாட்ரிட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்திலேயே ஸ்டாம்பிங் (புதிய விசா முத்திரை) செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தற்காலிக விசாக்காரர்கள் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. ஆக, சென்னைக்கோ இந்தியாவில் உள்ள வேறு அமெரிக்கத் தூதரகத்துக்கோ போய் நேர்காணலுக்குக் காத்திருக்க நேரிடும். எச்-4இலிருந்து மாணவர் விசா நிலையான எஃப்-1க்கு மாற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால், அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். கல்லூரி தொடங்கும் நாளைத் தவறவிட்டால் எந்த அனுபவமும் ஈடாகாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஹோட்டல் அரங்கில் நடந்த விளக்கக் கூட்டத்தில் 2,000 டாலர் கட்டிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் மனம் மாறிவிட்டது. – ஒரு தாய், ஜார்ஜியா

பதில்: உடனே எழுதுங்கள். விற்பவரின் நிரந்தர இடம் அல்லாத ஹோட்டல் அரங்கு போன்ற தற்காலிக இடத்தில் 130 டாலரோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கியதை, மூன்றாவது வேலை நாள் நள்ளிரவுவரை ரத்து செய்ய மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி இடம் தருகிறது. பயிற்சி வகுப்புகளும் இதில் அடங்கும். சனிக்கிழமையும் வேலை நாள் கணக்கில் வரும், ஞாயிறு வராது. சனிக்கிழமை கட்டியிருந்தால் புதன்கிழமை நள்ளிரவுவரை அவகாசம். முழுக்க இணையத்தில் கட்டிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கேள்வி: பெருவுக்கு என்று பணம் கட்டினோம். புறப்படும் முன் திட்டத்தையே நிறுத்திவிட்டு, கட்டிய தொகையை அடுத்த ஆண்டுக்கு வரவு வைப்பதாகச் சொல்கிறார்கள். மகன் அடுத்த ஆண்டு கல்லூரியில் இருப்பான். – ஒரு தந்தை, கலிபோர்னியா

பதில்: கோபம் நியாயமானது. பிள்ளையின் அந்த ஒரு பருவம் திரும்பி வராது, வரவு வைத்து என்ன பயன்?

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பயணத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு" என்ற வரி எல்லாரிடமும் இருக்கும், இருக்கவும் வேண்டும். பெருவில் 2022 டிசம்பரில் கலவரம் வெடித்து, அடுத்த மாதம் மச்சு பிச்சுவே மூடப்பட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளைகளை வேறு நாட்டுக்கு மாற்றுவது பொறுப்பான செயல். இடத்தை மாற்றுவது வேறு, சேவையையே நிறுத்திவிட்டுப் பணத்தை வைத்துக்கொள்வது வேறு. நிறுத்தினால் பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வரவை ஏற்பதாக எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் எழுத்தில் முறையிடுங்கள். சட்டப்படி, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை வந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும். அது கடந்திருந்தாலும் கேட்டுப் பாருங்கள்: கார்டு நிறுவனங்களின் சொந்த விதிகள், சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டுக் கூடுதல் அவகாசம் தருவதுண்டு. கலிபோர்னியாவில் பயணம் விற்பவர்கள் மாநிலத்தில் பதிவு செய்து, அந்த எண்ணை விளம்பரத்தில் அச்சிட வேண்டும். எண் இல்லை என்றால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள்.

கேள்வி: நேபாளத்தில் அனாதை இல்லக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் திட்டத்துக்கு மகள் போகலாமா? – ஒரு தாய், இல்லினாய்

பதில்: வேண்டாம். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இத்தகைய இல்லங்களில் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். கட்டணம் கட்டிவரும் வெளிநாட்டுத் தொண்டர்களுக்காகவே ஏழை வீடுகளிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து இல்லங்களை நிரப்புவது நடக்கிறது. நீங்கள் கட்டும் பணம் அந்தப் பிரிவை நீடிக்க வைக்கும். தவிர, நேபாளத்தின் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் செய்யக் கூடாது.

மகளின் நல்ல மனதுக்கு வேறு வழி காட்டுங்கள். பிரின்ஸ்டனில் இடம் பெற்றவர்களை அந்தப் பல்கலைக்கழகம் 2009 முதல் கல்விக் கட்டணம் இல்லாமல் ஒன்பது மாதச் சேவைக்கு அனுப்பிவருகிறது. தொடக்க இடங்களில் வாரணாசியும் ஒன்று. சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகம் இடைவெளி ஆண்டு எடுப்பவர்களில் சிலருக்குப் பணமே தருகிறது. மகளுக்கு இடம் கிடைத்த கல்லூரியிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று அவளே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கட்டும்.