செத்தவீட்டில் சொல்லும் ‘தேவசித்தம்’

அன்பின் அக்காவுக்கு,

அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன்; மூன்றாவது கீமோ முடிந்துவிட்டது. எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, “எல்லாத்தையும் ஆண்டவரின்ர சித்தத்துக்கு விட்டுடும். மருந்து மருந்தெண்டு ஓடுறது விசுவாசக் குறைவு” என்கிறா. நானோ இரவில் அம்மாவை எடுத்துவிடாதேயும் என்று அழுதுதான் ஜெபிக்கிறேன். இது பிடிவாதமா? உண்மையாக ஒப்புக்கொடுப்பது எப்படி? எல்லாம் முன்னமே தீர்மானித்ததென்றால் ஜெபம் எதற்கு?

ம., யாழ்ப்பாணம்

அன்புள்ள ம.,

முதலில், கீமோத் திகதி ஒன்றைக்கூடத் தவறவிட வேண்டாம். 1847இல் இங்கே வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் ஒரு மிஷனரி. மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் படிப்பித்தவர், வைத்திய நூல்களைத் தமிழாக்கியவர். மருந்துப் போத்தலைத் தொட்டதால் அவருடைய விசுவாசம் குறைந்து போகவில்லை. அந்த மண்ணில் இருந்துகொண்டு இப்படிக் கதைக்க வெட்கமில்லையா? உம்மை அல்ல, அந்த அக்காவைக் கேட்கிறேன். உமக்கும் கொஞ்சம் ஏச்சு இருக்கிறது, அதை வாய் மூடிக் கேட்டுக்கொண்டு இருந்ததற்கு.

முன்தீர்மானக் கேள்வியை விடும். இறையியல் படித்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காக அடிபட்டும் முடியாத வழக்கு அது. ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டு நீர் தீர்த்து வைக்கத் தேவையில்லை.

உம்முடைய கடிதம் வந்த கிழமைதான் ஒரு செத்தவீட்டுக்குப் போய் வந்திருந்தேன். பதினேழு வயதுப் பிள்ளை, மோட்டார் சைக்கிள் விபத்து. வந்தவர்களில் பாதிப்பேர் தாயின் கையைப் பிடித்துத் “தேவசித்தம்” என்றார்கள். அன்றிலிருந்து புழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

வேதாகமத்தில் கெத்சமனேப் பகுதியை, சிலுவைக்கு முந்தின இரவு இயேசு தோட்டத்தில் ஜெபித்ததை, எடுத்து மெதுவாக வாசியும். “உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது” என்பதை மட்டும் பிய்த்தெடுத்துக் கலண்டரில் அச்சடிக்கிறார்கள். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது? “இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்.” முதலில் கேட்கிறார். தன் துக்கத்தைச் சீஷர்களிடம் ஒளிக்கவும் இல்லை. மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். அதுவும் விசுவாசக் குறைவா? தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லாதவர் எதை ஒப்புக்கொடுப்பது? நீர் இரவில் அழுவதும் அந்தத் தோட்டத்துக்குள் நடக்கிற ஜெபந்தான்.

இன்னொன்றையும் பாரும். “உம்முடைய சித்தம்” என்பதை இயேசு தன்னுடைய உயிரைப் பற்றிச் சொன்னார். செத்துப்போன சகோதரன் லாசருவுக்காக அழுதுகொண்டு வந்த மரியாளிடம் போய்ச் சொல்லவில்லை. அங்கே அவரும் கண்ணீர் விட்டார். பாரம் சுமக்கிறவர் சொன்னால் அது ஜெபம். பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டு இருக்கிறவர் சொன்னால் அது வாயடைப்பு. வேதாகமத்தில், பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூட இருந்தார்கள், அதுவரைக்கும் நல்ல மனிதர்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் பிழையாய்ப் போனது. கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது புலம்பித் தீர்த்த யோபுவில் அல்ல, கடவுளுக்காக வழக்காட வந்த அவர்களில்.

1995 ஜூலை 9, நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயம். யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனம் ஒதுங்கியிருந்த இடத்தில் விமானம் குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்துப்போனார்கள். எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றும் அதில் போனது. அந்த வீட்டில் வைத்து ஒரு பெரியவர் வழமையான அந்த வசனத்தைத் தொடங்க, எப்போதும் மெல்லப் பேசுகிற என் அம்மா எழும்பிவிட்டா. “குண்டு போட்டவன்ர சித்தத்தை ஏன் கடவுளின்ர தலையில கட்டுறியள்?” என்றா. சபை அடங்கிப் போயிற்று. அதே அம்மா அன்றிரவும் செபமாலை சொல்லாமல் படுக்கவில்லை. பரமண்டலத்திலிருக்கிற எங்கள் பிதாவில் “உம்முடைய சித்தம்” வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, பிறகுதான் சொன்னா. அப்படி நின்ற அந்தக் கணத்துக்கு எத்தனை பிரசங்கத்தையும் ஈடாகக் கொடுக்கலாம். நீரும் நின்று நின்றே சொல்லும். சொல்ல வராத இரவில் விட்டுவிடும், அவர் கோபிக்கமாட்டார்.

ஜெபக்கூட்டத்து அக்கா இனி வந்தால், அடுத்த கீமோவுக்கு அம்மாவோடு துணைக்கு வரச் சொல்லும். அதுவும் ஏலாதென்றால் வீட்டிலிருந்து கஞ்சி வைத்து அனுப்பட்டும். நான் சொன்னதாகவே சொல்லலாம்.