அப்பாவுக்குச் சத்தம் கேட்கிறது, சொல்தான் கேட்கவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. குமாரபாளையத்தில் 35 வருடம் விசைத்தறி ஓட்டியவர். மூன்று வருடமாக டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். நாங்கள் பேசினால் "வாய்க்குள்ளேயே பேசாதே" என்கிறார். சத்தமாகச் சொன்னால் "ஏன் கத்துறே?" என்று கோபம். காதில் அழுக்கு இருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றினோம், பலனில்லை. காது மிஷின் வாங்கினால் சரியாகுமா? தம்பியும் இப்போது அதே பட்டறையில்தான் வேலை பார்க்கிறான்.

பதில்: முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்து நமக்குத் தெரியாமல் ஊற்றினால், எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழ் பிடிக்கலாம். பஞ்சு சுற்றிய குச்சியும் வேண்டாம், அது குறும்பியை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம்.

நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சண்டைதான். மெதுவாகப் பேசினால் புரியவில்லை, கத்தினால் எரிச்சல். வீட்டில் இதை முரண்டு என்று நினைப்பார்கள். அவர் காதில் நடப்பதை அவர் அப்படியே சொல்கிறார், அவ்வளவுதான்.

ஒலி காதுக்குழாய் வழியாக வந்து செவிப்பறையைத் தட்டுகிறது. அதை ஒட்டி மூன்று குட்டி எலும்புகள். கடைசியில் இருக்கும் அங்கவடி எலும்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறியது. செவிப்பறையும் இந்த எலும்புகளும் சேர்ந்து ஒலியின் அழுத்தத்தைச் சுமார் 20 மடங்கு கூட்டி, உள்காதில் இருக்கும் திரவத்துக்குள் தள்ளுகின்றன. குறும்பி அடைப்போ, சீழோ, ஓட்டையோ இருந்தால் கோளாறு இந்த வழியில்தான். அதைப் பெரும்பாலும் மருந்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ சரிசெய்யலாம்.

அடுத்தது உள்காது. நத்தைக் கூடு மாதிரி இரண்டரைச் சுற்று சுருண்ட குழாய். அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள், ஒலியை உணர்பவை இவைதான். வாசலுக்கு அருகில் இருப்பவை கீச்சென்ற ஒலிக்கு, சுருளின் உச்சியில் இருப்பவை கனத்த ஒலிக்கு என்று இடம் பிரித்து உட்கார்ந்திருக்கின்றன. நெசவு வீட்டுப் பெண் நீங்கள், புது டர்க்கி டவலில் நிற்கும் பூவை, அந்த நூல் சுருளை, நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செல்களின் மயிரும் அப்படித்தான். அழுத்தினால் படுக்கும், விட்டால் எழும். வேலை முடிந்து வரும்போது காது அடைத்த மாதிரி இருந்து, காலையில் சரியாகிவிட்டதாக அப்பா சொல்லியிருப்பாரே, அது இதுதான். வருடக்கணக்கில் அழுத்தினால் பூ எழுவதில்லை. டவலையாவது புதிதாக வாங்கலாம். மனிதக் காதில் செத்த மயிர்ச் செல் மறுபடி முளைப்பதில்லை.

இரைச்சல் முதலில் கெடுப்பது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சு ஒலிகளைக் கேட்கும் இடத்தை. கனத்த ஒலிகள் தப்பித்துவிடும். நம் எழுத்துகளை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. உயிரெழுத்துகளும் ம, ன போன்ற மெல்லினமும் கனத்த ஒலிகள், அவை கேட்கும். க, ச, த, ப இவையெல்லாம் மெல்லிய, கீச்சுப் பக்கத்து ஒலிகள். வல்லினம் என்று பெயர்தான், சத்த அளவில் அதுதான் நோஞ்சான். நீங்கள் "கடைக்குப் போறேன்" என்றால் அவருக்குக் கடையா, சடையா, தடையா, படையா என்று பிரிவதில்லை. 'அடை' மட்டும் விழுகிறது. அதனால்தான் வாய்க்குள் பேசுகிறீர்கள் என்கிறார்.

கத்தும்போது உயிரெழுத்தின் சத்தம்தான் கூடுகிறது, வல்லினம் அவ்வளவாக எழுவதில்லை. அதோடு, மெல்லிய ஒலியைப் பெருக்கவும் பெரிய ஒலியை அடக்கவும் உதவுகிற செல்கள்தான் முதலில் போயிருக்கும். அதனால் கேட்கவே கேட்காத நிலையிலிருந்து காது வலிக்கும் நிலைக்கு இடைவெளி மிகக் குறைவு. எதிரே நின்று, முகம் தெரிய, கொஞ்சம் நிதானமாகப் பேசிப் பாருங்கள். தறிச் சத்தத்தில் வாயசைவைப் பார்த்தே பேச்சுப் பிடித்துப் பழகிய மனிதர், அது அவருக்குக் கைவந்த கலை.

இவ்வளவும் என் ஊகம், சோதித்தால்தான் உறுதி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் சோதனை, எடுங்கள். காதுக்குழாய் வழியாக ஒலி அனுப்பும் காற்றுவழி, மண்டை எலும்பு வழியாக அனுப்பும் எலும்புவழி இரண்டும் பார்க்க வேண்டும், சொற்களைச் சொல்லிக் கேட்கும் சோதனையும் வேண்டும். கடையில் இலவசமாகப் பார்ப்பதை மட்டும் நம்பி மிஷின் வாங்காதீர்கள்.

மிஷின் உதவுமா? உதவும், ஆனால் பழைய காது திரும்பாது. எந்த ஒலி குறைவோ அதை மட்டும் கூட்டும்படி டிஜிட்டல் மிஷினை ஆடியோகிராம் பார்த்து ஆடியாலஜிஸ்ட் (கேள்வித்திறன் நிபுணர்) அமைக்க வேண்டும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வருவது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கூட்டும், வீட்டில் நீங்கள் கத்துவதைத்தான் அது மிஷினுக்குள் செய்யும். முதல் சில வாரம் பாத்திரச் சத்தம், காகிதச் சத்தமெல்லாம் மண்டையில் இடிக்கிறது என்பார். கழற்றி அலமாரியில் வைத்துவிடும் ஆபத்து அப்போதுதான். அமைதியான அறையில் தினம் இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் போடுவதே நல்லது.

இன்னொன்று. ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அது வேறு விஷயம். அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும், ஸ்டீராய்டு மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

அப்பா வேலை பார்த்த இடத்தில் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருந்தால் அங்கேயும் விசாரியுங்கள். தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் கேள்விக்குறைவு இருக்கிறது.

தம்பி விஷயம்தான் அவசரம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லை என்று கணக்கு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு. நாடாத்தறிகள் வரிசையாக ஓடும் கொட்டகையில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். காதில் பஞ்சு வைப்பது பெயருக்குத்தான், பெரிதாகத் தடுக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் பிளக்கை வாங்கி, விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காதுமடலைப் பின்னால் இழுத்து உள்ளே விட்டு, அது உப்பும்வரை பிடித்திருக்கச் சொல்லுங்கள். அவனுக்கும் ஒரு ஆடியோகிராம் எடுங்கள். வாரவிடுமுறை முடிந்த மறுநாள் காலை, தறிக்குப் போகும் முன் கூட்டிப் போங்கள். வேலை முடிந்த கையோடு போனால் அன்றைய தற்காலிக மந்தமும் அதில் சேர்ந்து பதிவாகிவிடும்.