ஏலக்காய் விற்ற பணத்தை சிப் பங்கில் போடலாமா?

கேள்வி: வண்டன்மேடு பக்கம் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறேன். இந்தப் பருவத்துக் காய் விற்றதில் செலவு போக 8 லட்சம் ரூபாய் கையில் நிற்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், “என்விடியா பங்கு இன்னும் பல மடங்கு ஏறும், மொத்தத்தையும் போட்டுவிடுங்கள் அப்பா” என்கிறான். கூட்டுறவு வங்கியில் 2 லட்சம் நகைக்கடன் இருக்கிறது. அடுத்த ஆண்டு மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: மொத்தத்தையும் போடாதீர்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

நிறுவனத்தைப் பற்றி உங்கள் மகன் நினைப்பது சரிதான். செயற்கை நுண்ணறிவுக்கான சிப்புகளில் அமெரிக்க நிறுவனமான என்விடியாதான் முன்னணியில் நிற்கிறது. 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் ஏறக்குறைய 2,700 கோடி டாலராக இருந்த விற்பனை, இரண்டே ஆண்டில் 13,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் இது ஊரறிந்த செய்தி. இனி வரப்போகும் வளர்ச்சிக்கும் சேர்த்துத்தான் சந்தை இன்று விலை வைத்திருக்கிறது. லாபம் கூடினாலும், எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை என்றால் பங்கு இறங்கும்.

உங்களுக்கு இது புதிதல்ல. 2018 வெள்ளத்தில் செடிகள் அழுகி வரத்து குறைந்ததால், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல விற்பனையில் காய் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அந்த நாட்களில் கம்பத்தில் என் அலுவலகத்துக்கு வந்த ஒருவர், கைக்குட்டையில் முடிந்து வந்த ஒரு பிடி காயை மேசையில் பிரித்து வைத்தார். நல்ல பச்சை, திரண்ட காய். “இதை மிஞ்சிய பயிர் உண்டா?” என்றார். கடன் வாங்கிக் குத்தகைக்குத் தோட்டமும் பிடித்தார். 2021-இல் விலை ஆயிரத்துக்குக் கீழே போனபோதும் அவர் காயின் நிறமும் மணமும் குறையவில்லை. குத்தகையிலிருந்து வெளியே வர அவர் மனைவியின் வளையல்களை விற்க வேண்டியிருந்தது. அந்தக் கைக்குட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

என்விடியா பங்கும் 2021 நவம்பர் உச்சத்திலிருந்து 2022 அக்டோபருக்குள் மூன்றில் இரண்டு பங்கு விலையை இழந்தது. உங்கள் 8 லட்சம் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் கீழே போயிருக்கும். பிறகு பல மடங்கு ஏறியது உண்மை. பொறுத்திருக்க முடிந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. கல்லூரிக் கட்டணம் பொறுத்திருக்காது. 2025 ஜனவரி 27 அன்று சீனாவின் டீப்சீக் நிறுவனம் குறைந்த செலவில் செயற்கை நுண்ணறிவை உருவாக்கியது என்ற செய்தியால் இந்தப் பங்கு ஒரே நாளில் 17 சதவீதம் சரிந்தது. அதன் விற்பனையில் பெரும்பகுதி ஒரு சில பெரிய நிறுவனங்களை நம்பி இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நகைக்கடனை இந்த வாரமே அடைத்துவிடுங்கள். மகளின் படிப்புப் பணம் வங்கி வைப்பில் இருக்கட்டும். 2024 கோடையில் செடிகள் கருகியதைப் பார்த்தவர் நீங்கள். ஒரு பருவத்துக்கான உரம், மருந்து, கூலிச் செலவைத் தனியே எடுத்து வையுங்கள். இவ்வளவும் போக மிஞ்சுவதில் 50,000 ரூபாய்க்கு மேல் இந்தப் பங்குக்கு வேண்டாம். அதையும் நான்கைந்து தவணையாகப் போடுங்கள். ஐந்து ஆண்டுக்கு எடுக்கத் தேவையில்லாத பணமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஏலக்காய் வருமானம் விவசாய வருமானம் என்பதால் நீங்கள் இதுவரை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யாமல் இருந்திருக்கலாம். உங்கள் பெயரில் ஒரே ஒரு அமெரிக்கப் பங்கு இருந்தாலும், வரி கட்ட வேண்டியிருக்கிறதோ இல்லையோ, ஆண்டுதோறும் தாக்கல் செய்து அந்தப் பங்கைக் காட்டியாக வேண்டும். மகன் சம்பளத்துக்காக எப்படியும் தாக்கல் செய்கிறவர்தானே? அந்த 50,000 ரூபாயை அவருக்கே அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் பெயரில் வாங்கச் சொல்லுங்கள். தந்தை மகனுக்குத் தரும் பணத்துக்கு வரி கிடையாது. வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதி உள்ள படிவத்தை அவர் தேர்ந்தெடுத்து, அதில் இந்தப் பங்கைக் காட்டினால் போதும்.