படகுப் போட்டியில் விரல்கள் வெளுத்து மரத்துப்போவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. ரத்த அழுத்தத்துக்காகத் தினமும் அட்டெனோலால் 50 மி.கி. சாப்பிடுகிறேன். இலையுதிர் காலப் பாய்மரப் படகுப் போட்டியில் பாய்க்கயிறு இழுப்பது என் வேலை. போன முறை இரண்டாவது பந்தயத்திலேயே விரல்கள் வெளுத்து மரத்துப்போய், கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. குமட்டலுக்குப் போட்ட மாத்திரையால் தூக்கம் தள்ளியது. இந்த முறை கலந்துகொள்ளலாமா, டாக்டர்?

பதில்: கலந்துகொள்ளலாம். ஆனால் முதலில் உங்கள் ரத்த அழுத்த மாத்திரையைக் கவனிக்க வேண்டும்.

விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சூடேறும்போது சிவந்து குத்துகின்றன என்றால் அது ரேனாட் பாதிப்பு. குளிர் பட்டதும் விரல்களின் சிறு ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடுகின்றன. அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் (இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்துகள்) இதை அதிகப்படுத்தக்கூடியவை. அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் இதயத்துடிப்பும் அழுத்தமும் எகிறும்; சிலருக்கு நெஞ்சுவலியும் வரும். உங்களுக்கு இதயக் கோளாறு எதுவும் இல்லாமல் அழுத்தத்துக்கு மட்டுமே அது தரப்பட்டிருந்தால், படிப்படியாகக் குறைத்து அம்லோடிபினுக்கு மாற்ற முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது ரத்தக்குழாய்களை விரிக்கும் மருந்து என்பதால் விரல்களுக்கும் நல்லது. ஆனால் அதனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும்; அப்படி வருகிறதா என்று பார்க்க அவகாசம் வேண்டும். போட்டிக்கு 4 வாரமாவது முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். ஊக்கமருந்து சோதனை நடக்கும் போட்டி என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற சிறுநீர் பெருக்கிகள் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

அடுத்து, உடம்பின் சூடு. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். எவ்வளவு நல்ல கையுறையும் அப்போது உதவாது. 10 டிகிரி குளிரில் மணிக்கு 40 கி.மீ. காற்று அடித்தால் உலர்ந்த தோலுக்கே 6 டிகிரி போல இருக்கும்; நனைந்திருந்தால் இன்னும் மோசம். பெரும்பாலும் பிரச்சினை தொடங்குவது பந்தயத்தின்போது அல்ல, இரண்டு பந்தயங்களுக்கு இடையே வியர்வை ஈரத்தோடு சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான். முடிவுக்கோட்டைக் கடந்ததுமே, நடுக்கம் வரும்வரை காத்திராமல், காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டையும் தொப்பியையும் போடுங்கள். உள்ளே பருத்தி வேண்டாம், கம்பளி நல்லது. நீர்புகாப் பையில் உலர்ந்த கையுறை இரண்டு ஜோடி இருக்கட்டும். இறுக்கமான கையுறை ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே வேண்டாம்.

விரல் வெளுத்துவிட்டால் அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்காதீர்கள். கரையில் வெதுவெதுப்பான நீரில் நனைக்கலாம். சூட்டை மரத்துப்போன விரலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

பாயின் அடியிலுள்ள பாய்த்தண்டு திடீரெனத் திரும்பி வீசும் படகில், தூக்கம் தரும் குமட்டல் மாத்திரை ஆபத்தானது. சின்னாரிசின் என்ற குமட்டல் மாத்திரை பலருக்குத் தூக்கம் குறைவாகத் தரும்; அதையும் மருத்துவரிடம் கேட்டு, போட்டிக்கு முன்னால் கரையில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. படகேறுவதற்கு 2 மணி நேரம் முன்பே போட வேண்டும்.

நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கும், அழுத்தம் ஏறும். நீந்த முயலாமல் லைஃப் ஜாக்கெட்டில் மிதந்து, மூச்சு சீரான பிறகு படகைப் பிடியுங்கள்.

ஒரு கை விரல்கள் மட்டும் வெளுத்தாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ, தோல் தடித்தாலோ, அதற்கு வேறு நோய் காரணமாக இருக்கலாம். அப்படியிருந்தால் போட்டிக்கு முன்பே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.